சென்னையிலிருந்து இமயத்தின் பனிப் பேரிடரைக் கணித்தல்: வானிலை மாதிரியையும் பனிப்போர்வை மாதிரியையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை

2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மீது பனிச்சுவர் இடிந்து விழுந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனில் பணியாற்றிய பத்து வீரர்களைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். குளிர்காலத்தில் சென்னையிலிருந்து மணாலிக்கும் குல்மார்குக்கும் சுற்றுலா செல்வோர், நடை திறந்ததும் பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் புறப்படுவோர், எல்லைச் சாலைப் பணிக்கும் படைக்கும் செல்வோர் என நம்மவர் பலர் பனிச்சரிவின் பாதையில் ஆண்டுதோறும் கால் வைக்கிறார்கள். ஆகவே வெண்பனி விழாத ஊரில் இருந்துகொண்டு இதைக் கற்பது வீண்வேலை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயலின் பாதையை அறிய வானிலை மாதிரிகளின் வரைபடங்களைப் பார்த்துப் பழகியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பைத்தான் போன்ற மொழியில் சிறிய நிரல் எழுதும் பழக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் வேளச்சேரியின் மாடி வீடு ஒன்றில் அமர்ந்தபடியே இங்கே சொல்லப்படும் அனைத்தையும் செய்ய முடியும். அதற்கு மேல் தேவைப்படுவது ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே மலைச்சரிவை விடாமல் பின்தொடரும் பொறுமை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மார்கழி விடியலில் வாசல் கோலத்தை ஈரமாக்குவதையும் நாம் பனி என்கிறோம், இமயத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குவிவதையும் பனி என்கிறோம். இக்கட்டுரையில் வானிலிருந்து படிகமாக விழுவதை வெண்பனி அல்லது சுருக்கமாகப் பனி என்றும், அது தரையில் அடுக்கடுக்காகத் தங்கியிருப்பதைப் பனிப்போர்வை என்றும், தெளிந்த இரவில் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பின் மீது நேரடியாகப் படிகமாவதை உறைபனி என்றும் குறிப்பிடுகிறேன். நீலகிரியில் அவலாஞ்சி என்றொரு ஊர் இருக்கிறது. அதன் பெயர் பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சரிந்தது மண்ணே, பனியன்று.

இரண்டு மாதிரிகள் ஏன் தேவை

2015 டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. ஆனால் அதே அளவு மழை, வறண்டு கிடந்த ஓர் ஆண்டில் பெய்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும். நவம்பர் முழுவதும் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பி, மண் நீரைக் குடித்து முடித்திருந்த நிலையில் அம்மழை வந்ததால்தான் ஆறு ஊருக்குள் புகுந்தது. வானத்திலிருந்து என்ன வருகிறது என்பது ஒரு கேள்வி. அது எதன் மீது வந்து விழுகிறது என்பது வேறொரு கேள்வி.

பனிப் பேரிடரில் இந்த இரண்டாம் கேள்வியின் எடை பன்மடங்கு கூடுகிறது. சென்னையின் வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிட்டது. ஆனால் அக்டோபரில் விழுந்த பனி மார்ச் வரை மலைச்சரிவின் அடியில் கிடக்கிறது. இடைப்பட்ட மாதங்களின் ஒவ்வொரு புயலும், ஒவ்வொரு வெயில் நாளும், காற்றில்லாத ஒவ்வொரு குளிர் இரவும் அந்தப் போர்வையில் தனித்தனி அடுக்காகப் பதிந்துவிடுகின்றன. இவ்வடுக்குகளில் ஏதேனும் ஒன்று நலிந்திருந்தால், அதற்கு மேலே இறுகிய பனிப்பாளம் புதிய சுமை ஏறும் நாளில் மொத்தமாக நழுவுகிறது. வானிலை மாதிரி அந்தப் புதிய சுமையைச் சொல்லும். நலிந்த அடுக்கு இருக்கிறதா, எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்பதை, பனியின் அடுக்குகளைக் கணக்கிடும் பனிப்போர்வை மாதிரி மட்டுமே சொல்லும். நாளைய மழை வரைபடத்தை மட்டும் பார்த்துப் பனிச்சரிவைக் கணிக்க முயல்பவர், செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் அடையாற்றின் வெள்ளத்தைக் கணிக்க முயல்பவரை ஒத்தவர்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

'இமாசலத்தில் பனிச்சரிவு வருமா' என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒரு பள்ளத்தாக்கையும், அதில் ஓர் உயர எல்லையையும், சரிவு நோக்கும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'அடல் சுரங்கத்தின் வடவாயிலுக்கு மேலே, 3,500 முதல் 4,200 மீட்டர் வரை, வடகிழக்கு நோக்கிய சரிவுகள்' என்பது கணிக்கத்தக்க கேள்வி. 30 மீட்டர் பிரிதிறனுள்ள இலவச உயர வரைபடத் தரவை இறக்கி, கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் சரிவுக் கோணத்தைக் கணக்கிட்டு, 30 முதல் 45 டிகிரி வரையுள்ள பகுதிகளை வண்ணமிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாளச் சரிவுகள் இக்கோண எல்லைக்குள்தான் புறப்படுகின்றன. இதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி பெரிய அளவில் சேர்வதற்கு முன்பே சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும்.

புறப்படும் இடம் வேறு, வந்து அடிக்கும் இடம் வேறு என்பதை இங்கேயே குறித்து வைக்க வேண்டும். 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் 31 பேரைக் கொன்ற பனிச்சரிவு, பாதுகாப்பானது என்று வரைபடத்தில் பச்சை வண்ணம் இடப்பட்டிருந்த பகுதிக்குள் புகுந்தது. ஆகவே வண்ணமிட்ட சரிவுகளுக்குக் கீழே சமவெளியில் இருக்கும் சாலை, முகாம், விடுதி ஆகியவற்றையும் அதே வரைபடத்தில் குறியுங்கள்.

இமயத்தின் பனி எங்கும் ஒரே தன்மையுடையதன்று. பீர்பஞ்சால் மலைத்தொடரில் குளிர் மிதமாகவும் பனி ஆழமாகவும் இருக்கும். காரகோரத்தில் கடுங்குளிரும் உலர்காற்றும் நிலவும். பெருஇமயம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரு மண்டலத்தில் கற்ற பாடத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

வானிலைத் தரவைத் திரட்டிச் சீர்செய்தல்

இப்பணியின் பெரும் உழைப்பு இந்தப் படியில்தான் இருக்கிறது. பிழைகளில் பெரும்பாலானவை பிறப்பதும் இங்கேதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வகைத் தரவு வேண்டும். கடந்துபோன மாதங்களுக்கு, ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் உருவாக்கியுள்ள ஈரா-5 மறுபகுப்பாய்வுத் தரவு (பழைய அளவீடுகளை மாதிரியுடன் இணைத்து மறுபடி கணக்கிட்ட வானிலைப் பதிவு) பொருத்தமானது. 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், ஏறத்தாழ 31 கி.மீ. கட்டங்களில், பெயரைப் பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நிலப்பரப்புக்கு மட்டும் 9 கி.மீ. கட்டங்களில் தனி வடிவமும் உண்டு. வரவிருக்கும் நாட்களுக்கு, அதே மையத்தின் முன்கணிப்பையும், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரியையும், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்கணிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கி.மீ. கட்டங்களில் இயங்குகிறது.

பனிப்போர்வை மாதிரிக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், மேலிருந்து வரும் சூரியக் கதிர்வீச்சு, வானமும் மேகமும் உமிழும் வெப்பக் கதிர்வீச்சு, மொத்தப் பொழிவு ஆகியவை வேண்டும். பலர் கடைசியாகச் சொன்ன பொழிவை மட்டும் கவனித்துவிட்டு மற்றவற்றை அலட்சியம் செய்கிறார்கள். வெப்பக் கதிர்வீச்சு தவறாக இருந்தால் பனியின் மேற்பரப்பு வெப்பநிலை தவறாகும். அது தவறினால் நலிந்த அடுக்கு உருவானதா இல்லையா என்ற முடிவே மாறிவிடும்.

அலகுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஈரா-5 தரவில் பொழிவு மீட்டரில் இருக்கும், அதை மி.மீ. ஆக்க 1,000ஆல் பெருக்க வேண்டும். கதிர்வீச்சு, ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் சேர்ந்த ஜூல் கணக்கில் இருக்கும். வாட்டாக மாற்ற 3,600ஆல் வகுக்க வேண்டும். நிலப்பரப்புக்கான 9 கி.மீ. வடிவத்தில் இவை உலக நேரத்தின் நள்ளிரவிலிருந்து கூட்டிக்கொண்டே வரப்படுவதால், அடுத்தடுத்த மணி நேரங்களின் வேறுபாட்டை எடுத்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஈரப்பதம் நேரடியாகத் தரப்படாது. பனிநிலை வெப்பநிலையிலிருந்து (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நேரமும் உலக நேரம்: அங்கே பூஜ்ஜிய மணி என்பது நமக்குக் காலை 5.30. நுங்கம்பாக்கத்தில் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை மழையளவு கணக்கிடப்படுவது போலவே மலை நிலையங்களின் பனியளவும் பதிவாகிறது என்பதால், மாதிரியின் நாளையும் நிலையத்தின் நாளையும் பொருத்தாமல் ஒப்பிட்டால் சரியான முன்கணிப்பும் தவறாகத் தோன்றும். முதல் பருவத்தில் இந்த ஐந்தரை மணி நேரத்தைத் திருத்தாமல் விட்டதால் நண்பகல் வெயிலை நான் விடியற்காலையில் பனி மீது விழச் செய்திருந்தேன். அந்தக் குளிர்காலத்தின் கணக்குகள் அனைத்தையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று.

அடுத்தது உயரத் திருத்தம். 31 கி.மீ. அகலமுள்ள கட்டத்துக்குள் ஆற்றங்கரையும் இருக்கும், சிகரமும் இருக்கும். மாதிரி இரண்டுக்கும் நடுவான ஓர் உயரத்தையே அறியும். கட்டத்தின் சராசரி உயரம் 3,100 மீட்டர், நாம் கவனிக்கும் சரிவு 4,100 மீட்டர் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற பொதுவான வீதத்தில் திருத்தினால், மாதிரி சொல்லும் 3 டிகிரி செல்சியஸ் நம் சரிவில் மைனஸ் 3.5 டிகிரியாகிறது. திருத்தாதவர் மழை என்று எழுதுவார், அங்கே விழுவதோ அரை மீட்டர் பனி. அதே நேரம், தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் கீழே மேலைவிடக் குளிராக இருக்கும் நிலையும் உண்டு. அப்போது இந்த வீதம் பொருந்தாது. முடிந்தவரை மாதிரியின் வெவ்வேறு அழுத்த மட்டங்களிலுள்ள வெப்பநிலையை எடுத்து இரு மட்டங்களுக்கு இடைப்பட்ட நம் உயரத்துக்குக் கணக்கிட்டுக்கொள்வதே நல்லது.

மழையா பனியா என்பதைத் தீர்மானிக்க ஈரக்குமிழ் வெப்பநிலையை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) பயன்படுத்துங்கள். உலர்ந்த காற்றில் விழும் படிகம் ஆவியாகித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வதால், காற்று 2 டிகிரியில் இருந்தாலும் பனியாகவே தரையைத் தொடக்கூடும். ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரிக்குக் கீழே இருந்தால் பனி என்று கொள்வது நடைமுறைக்கு ஏற்ற விதி.

பொழிவின் அளவை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். ஈரா-5 உயர்மலைப் பகுதிகளில் பொழிவை மிகுத்துக் காட்டும் போக்குடையது. மறுபுறம், தரையிலுள்ள மழைமானிகள் காற்றடிக்கும் போது பனியைக் குறைவாகவே பிடிக்கின்றன. ஆகவே முந்தைய இரண்டு மூன்று குளிர்காலங்களுக்கு மாதிரியை ஓட்டி, பனி மூடியும் விலகியும் இருந்த தேதிகளைச் செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டு, அவ்விடத்துக்கென ஒரு திருத்தக் காரணியைக் கண்டுகொள்வதே நேர்மையான வழி.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக விழுந்த தளர்ந்த பனியை நகர்த்த நொடிக்கு 5 முதல் 8 மீட்டர் வேகம் போதும். காற்று ஒரு சரிவிலிருந்து வாரிய பனியை முகட்டின் மறுபக்கத்தில் கொட்டும். வானிலை அறிக்கையில் 30 செ.மீ. என்று இருக்கும் இடத்தில், காற்று மறைவான பக்கம் ஒரு மீட்டர் சேர்ந்திருக்கலாம். இமயத்தின் மேற்குப் பகுதிக்குப் பெரும்பனியைக் கொண்டு வருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும், மேற்கத்தியக் கலக்கங்கள் எனப்படும் தாழ்வழுத்த அமைப்புகள். அவற்றின் போது மலைமுகட்டு உயரத்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், வடக்கும் கிழக்கும் நோக்கிய சரிவுகளைக் கூடுதலாகக் கண்காணியுங்கள்.

பனிப்போர்வை மாதிரியை ஓட்டுதல்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ஸ்னோபேக், பிரான்சின் வானிலைத் துறை பயன்படுத்தும் குரோக்கஸ் ஆகிய இரண்டும் அடுக்குகளைத் தனித்தனியே கணக்கிடும் மாதிரிகள். தொடங்குவோருக்கு ஸ்னோபேக்கை நான் பரிந்துரைக்கிறேன். அது திறந்த மூல மென்பொருள்; சாதாரண மடிக்கணினியில் ஒரு முழுக் குளிர்காலமும் சில நிமிடங்களில் ஓடிவிடும்.

மூன்று கோப்புகளைத் தயார் செய்ய வேண்டும்: மணிவாரியான வானிலைத் தரவு, தொடக்க நிலையில் தரையும் பனியும் இருந்த விவரம், மாதிரியின் அமைப்புகள். தொடக்கத் தேதியை, தரை வெறுமையாக இருக்கும் செப்டம்பர் அல்லது அக்டோபர் முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் தொடங்கி '80 செ.மீ. பனி' என்று ஒரே எண்ணைத் தொடக்க நிலையாகக் கொடுப்பவர், மேலே சொன்ன அடுக்குகளின் வரலாறு முழுவதையும் அழித்துவிடுகிறார். வெப்பநிலை கெல்வினிலும், ஈரப்பதம் 0 முதல் 1 வரையுள்ள பின்னமாகவும் கேட்கப்படும். பனிக்கு அடியிலுள்ள தரையின் வெப்பநிலைக்கு அளவீடு இல்லாவிட்டால் 0 டிகிரி என்று கொள்ளலாம், ஏனெனில் தடித்த பனி கம்பளியைப் போல் தரையின் வெப்பத்தைக் காக்கிறது. சமதளத்துடன் நான்கு திசைகளையும் நோக்கிய 38 டிகிரி சரிவுகளையும் சேர்த்து ஐந்து கணக்குகளாக ஓட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

விடையைப் படிக்கும் போது, நேரம் இடமிருந்து வலமாகவும் ஆழம் கீழிருந்து மேலாகவும் வரையப்பட்ட ஒரு வண்ணப் படம் கிடைக்கும். அதில் இரண்டு வகை நலிந்த அடுக்குகளைத் தேடுங்கள்.

ஒன்று அடியில் உருவாவது. தரை 0 டிகிரியிலும் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரியிலும் இருந்து, இடையே 50 செ.மீ. பனி மட்டுமே இருந்தால், மீட்டருக்கு 30 டிகிரி என்ற அளவில் வெப்பம் மாறுகிறது. இம்மாற்றம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால், நீராவி கீழிருந்து மேலேறி, ஒட்டிக்கொண்டிருந்த மணிகளைக் கோணமுள்ள பெரும் படிகங்களாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது. ரவை போல் உதிரும். பனி குறைவாக இருக்கும் ஆண்டில் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது பெரும் பிழை என்பதற்குக் காரணம் இதுவே. மெல்லிய போர்வையும் நீண்ட குளிரும் சேர்ந்த முன்குளிர்காலம், பிப்ரவரியின் முதல் பெரும் புயலுக்கு வழுக்கும் அடித்தளத்தை அமைத்துக் கொடுக்கிறது.

மற்றொன்று மேற்பரப்பில் உருவாவது. இதைப் புரிந்துகொள்ள இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுக்குப் பின், உதகைக்கு அருகே தலைகுந்தாவின் புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வருகிறதென்று தெரியும்: தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து காற்றைவிடக் குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன் மீது இறகு போன்ற படிகமாகிறது. அங்கே வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். வடக்கு நோக்கிய இமயச் சரிவில் அதே படிகங்கள் பனியின் மீது வளர்ந்து, அழியும் முன் அடுத்த புயலின் பனிக்குள் புதைந்தால், நிற்க வைத்த சீட்டுக்கட்டின் மீது பலகையை வைத்தது போன்ற நிலை வாரக்கணக்கில் நீடிக்கும். இதன் தடிமன் சில மி.மீ. மட்டுமே என்பதால் மாதிரி இதைத் தவறவிடுவதும் உண்டு. ஆகவே காற்றில்லாத, தெளிந்த, ஈரமான இரவுகளின் தேதிகளைத் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். அவற்றைத் தொடர்ந்து மெல்லிய காற்றுடன் பனி பெய்தால் அத்தேதிக்கு எதிரே வட்டமிடுகிறேன். இந்தக் கைக்குறிப்பு பல வேளைகளில் படத்தைவிட உதவியிருக்கிறது.

வசந்தத்தில் கேள்வி மாறுகிறது. அப்போது பனிக்குள் நீர் இறங்கும் வேகமே முக்கியம். போர்வை முழுவதையும் சராசரியாகப் பார்த்து, கனஅளவில் 3 விழுக்காடு திரவ நீர் முதன்முறையாகச் சேரும் நாள், ஈரப்பனிச் சரிவுகள் தொடங்கும் காலத்தை ஏறத்தாழக் காட்டுகிறது என ஆல்ப்ஸ் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 'முதன்முறை' என்ற சொல்லைக் கவனியுங்கள். பலமுறை நனைந்து உறைந்த பழம்பனியைவிட, முதல் ஈரம் காணும் பனியே ஆபத்தானது.

செயற்கைக்கோள் வழியே சரிபார்த்தல்

மாதிரி சொல்லும் பனி உண்மையில் அங்கே இருக்கிறதா என்பதை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். மோடிஸ் கருவியின் தினசரிப் பனிப் படங்கள் 500 மீட்டர் பிரிதிறனிலும், சென்டினல்-2 படங்கள் ஐந்து நாட்களுக்கொருமுறை 20 மீட்டர் பிரிதிறனிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பனி பச்சை ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும், குறுஅலை அகச்சிவப்பை விழுங்கிக்கொள்ளும். நீர்த்துளிகளாலான மேகமோ இரண்டையும் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, விடை 0.4க்கு மேல் இருந்தால் பனி என்று கொள்வது வழக்கம்.

இப்படங்கள் பனியின் பரப்பைக் காட்டும், ஆழத்தைக் காட்டா. பெரும் புயலின் நாட்களில் மேகம் மூடியிருப்பதால் எதையும் காட்டா. மேகத்தையும் இரவையும் ஊடுருவும் சென்டினல்-1 ராடார் படங்களில், சரிந்து குவிந்த பனி கரடுமுரடான பரப்பாக இருப்பதால் வெளிச்சமான நாக்கு போலத் தெரியும். புயலுக்கு முந்தைய, பிந்தைய படங்களை ஒப்பிட்டால், உங்கள் முன்கணிப்பு பலித்ததா என்று அறிய அதுவே கிடைக்கும் மிகச் சிறந்த சான்று.

முன்கணிப்பை எழுதுதல்

ஓர் எண்ணை நம்பி எழுதாதீர்கள். ஐரோப்பிய மையத்தின் குழும முன்கணிப்பு, தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 முறை ஓடுகிறது. புதிய பனியின் நீர் அளவு 48 மணி நேரத்தில் 60 மி.மீ.யைத் தாண்டும் என்று 34 ஓட்டங்கள் சொன்னால், அது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. குளிரான புதுப்பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால் 60 மி.மீ. நீர் 60 செ.மீ. பனியாகும். அதே நீர், காற்றால் அடித்து இறுக்கப்பட்டு 200 கிலோ அடர்த்தியில் விழுந்தால் 30 செ.மீ. மட்டுமே, ஆனால் நலிந்த அடுக்கின் மீதான சுமை இரண்டிலும் ஒன்றுதான். உயரத்தை மட்டும் பார்த்து இரண்டாவதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கற்பனையாக ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் 40 செ.மீ. பனி; பின் ஐந்து வாரம் தெளிந்த கடுங்குளிர்; மாதிரிப் படத்தில் அடியில் உதிரிப் படிகங்கள்; வரும் இரண்டு நாட்களில் 60 மி.மீ., நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் தென்மேற்குக் காற்று. இங்கே எழுத வேண்டியது 'கனத்த பனிப்பொழிவு' என்பதன்று. '3,500 மீட்டருக்கு மேல் வடக்கு முதல் கிழக்கு வரை நோக்கிய சரிவுகளில், தரைவரை உடைந்து வரும் பெரும் பாளச் சரிவுகள் தாமாகவே நிகழக்கூடும். ஆபத்து இரண்டாம் நாள் மாலையில் உச்சமடையும். பனி நின்ற பின்னும் குறைந்தது இரண்டு நாள் தணியாது' என்பதே பயன்படும் செய்தி. இடம், உயரம், திசை, வகை, நேரம் ஆகிய ஐந்தில் எது விடுபட்டாலும் படிப்பவருக்கு அது அச்சத்தை மட்டுமே தரும், வழியைத் தராது. ஐரோப்பாவில் வழங்கும் 1 முதல் 5 வரையான ஆபத்துப் படிநிலையைப் பயன்படுத்தினால், 3 என்பது நடுநிலை அன்று என்பதையும் உடன் எழுதுங்கள். மலையேறுவோரின் இறப்புகளில் பெரும்பங்கு அந்தப் படிநிலையில்தான் நேர்கிறது.

பனிச்சரிவு ஒன்றே பனிப் பேரிடர் அன்று. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ மலைச்சாலையில் பனியில் சிக்கிய வாகனங்களுக்குள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பாள அடுக்குகளின் கணக்கு தேவையில்லை; மணிக்கு எத்தனை செ.மீ. பனி, அந்நேரம் சாலையில் எத்தனை வண்டி என்ற இரண்டே போதும். புகைக்குழாயைப் பனி அடைத்த நிலையில் என்ஜினை ஓடவிட்டு உறங்கினால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் சேரும் என்பதை, மணாலி செல்லும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

இம்முறையால் கணிக்கவே முடியாதவையும் உண்டு. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் 200க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பேரழிவில் உடைந்தது மலைப்பாறையும் அதன் மீதிருந்த பனிக்கட்டியும். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் லாங்டாங் கிராமத்தை மூடிய சரிவைத் தூண்டியது நிலநடுக்கம். பனியாற்றின் தொங்கும் விளிம்பு எப்போது இடியும் என்பதையும் ஸ்னோபேக் சொல்லாது.

யாரிடம் சொல்வது, எப்படிச் சரிபார்ப்பது

2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அப்பால் மானா கிராமத்தருகே எல்லைச் சாலைப் பணியாளர் முகாமின் மீது பனிச்சரிவு விழுந்து, 54 பேர் சிக்கி, எட்டுப் பேர் இறந்தனர். சண்டிகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் அம்மாவட்டத்தின் உயர்பகுதிகளுக்கு முந்தைய மாலையே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, உறங்கும் இடம் மாறவில்லை. எனவே உங்கள் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், அதை அதிகாரபூர்வ எச்சரிக்கைக்கு மாற்றாகப் பரப்பாதீர்கள். அந்த நிறுவனத்தின் பனிச்சரிவு அறிக்கையும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சாசெட் செயலியில் வரும் எச்சரிக்கையும் என்ன சொல்கின்றன என்பதை எளிய தமிழில் விளக்கி, பயணத்திலிருக்கும் நம்மவர்களுக்கு எட்டச் செய்வதற்கு உங்கள் மாதிரியைப் பயன்படுத்துங்கள். 'மூன்றாம் படிநிலை' என்று மட்டும் படித்தவருக்கு, எந்தச் சரிவின் கீழ் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சொல்லக்கூடிய ஒருவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் இருப்பது சிறிய உதவியன்று.

நாள்தோறும் எழுதியதைத் தேதியுடன் கோப்பில் சேமித்து, பின்னர் திருத்தாமல் வையுங்கள். பருவம் முடிந்ததும் நான்கு எண்களை எண்ணுங்கள்: சொன்னேன் நடந்தது, சொன்னேன் நடக்கவில்லை, சொல்லவில்லை நடந்தது, சொல்லவில்லை நடக்கவுமில்லை. நான்காவது எண் எப்போதும் பெரிதாக இருக்கும் என்பதால், மொத்தத்தில் எத்தனை விழுக்காடு சரி என்று கணக்கிட்டு நிறைவடையாதீர்கள். மூன்றாவது எண்ணிலுள்ள ஒவ்வொரு நாளையும் தனியே திறந்து, அன்று பொழிவு தவறியதா, காற்று தவறியதா, நலிந்த அடுக்கு மாதிரியில் இல்லையா என்று பாருங்கள். என் கணக்குகளில் அடிக்கடி தவறியது காற்று. அதற்கேற்ற திருத்தங்களை ஏப்ரல், மே மாதங்களில் செய்து முடித்து, அதே சரிவுக்கான தொடக்கக் கோப்பை அக்டோபர் முதல் தேதிக்கு, வெறுந்தரையுடன், மீண்டும் எழுதி வைக்க வேண்டும்.